‘என்ட்ரன்ஸ்’ என்ற சொல்லும் இடம்பெயர்ந்த வாசலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்தில் ஒருவரை ‘என்ட்ரன்ஸ் பாஸ்’ என்று சொன்னால், அவர் பள்ளிப்படிப்பை முடித்தவர் என்று பொருள். இன்று இந்தியாவின் எந்த மொழியிலும் ஒரு மாணவர் ‘என்ட்ரன்ஸ் எழுதுகிறேன்’ என்றால், பள்ளியிறுதித் தேர்வுக்கு வெளியே நடக்கும் வேறொரு தேர்வை எழுதுகிறார் என்று பொருள். சொல் அதேதான், அது சுட்டும் இடம் நகர்ந்துவிட்டது.

‘மெட்ரிகுலேஷன்’ என்ற சொல்லின் பயணம் இன்னும் விந்தையானது. பெயர்ப்பதிவேட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஒரு மாணவரின் பெயர் ஏறுவதே மெட்ரிகுலேஷன். இந்தி பேசும் மாநிலங்களில் ‘மேட்ரிக்’ என்பது பத்தாம் வகுப்பைக் குறிக்கலாயிற்று. தமிழ்நாட்டிலோ அது ஒருவகைத் தனியார் பள்ளியின் பெயராகவே மாறி, பெயர்ப்பலகைகளில் ஏறிவிட்டது. ஒருகாலத்தில் அப்பள்ளிகள் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு மாணவர்களை அனுப்பியவை என்பது இன்று பலரின் நினைவில் இல்லை.

இந்த இரு சொற்களின் இடமாற்றத்துக்குள், இந்தியப் பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்களை எவ்வாறு தேர்ந்தெடுத்தன என்பதன் நூற்றறுபது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. பள்ளி மதிப்பெண்ணா, நுழைவுத் தேர்வா என்ற இன்றைய விவாதத்தை அந்த வரலாற்றோடு சேர்த்துப் படித்தால், விவாதத்தின் அடிப்படை எடுகோள் ஒன்றே ஐயத்துக்குரியதாகிறது.

அந்த எடுகோள் இது: பள்ளி மதிப்பெண் என்பது பல ஆண்டுக் கற்றலின் பதிவு, நுழைவுத் தேர்வு என்பது ஒருநாள் சோதனை. அமெரிக்காவில் இது பெருமளவு பொருந்தும். அங்கே உயர்நிலைப்பள்ளியின் நான்காண்டு மதிப்பெண்களை வகுப்பறையில் பாடம் நடத்திய ஆசிரியர்களே வழங்குகிறார்கள். 1926இல் தொடங்கிய எஸ்.ஏ.டி. தேர்வை வெளி அமைப்பு ஒன்று நடத்துகிறது. ஆகவே அங்கு நடக்கும் விவாதம், மாணவரை அறிந்தவரின் மதிப்பீட்டுக்கும் அறியாதவரின் மதிப்பீட்டுக்கும் இடையிலானது. இந்தியாவில் ‘பள்ளி மதிப்பெண்’ என்று அழைக்கப்படுவதை வழங்குவது பள்ளி அன்று. மாநில வாரியமோ மத்திய வாரியமோ வினாத்தாள் அமைத்து, மாணவரை ஒருபோதும் கண்டிராத ஒருவர் திருத்தி வழங்கும் மதிப்பெண் அது. அத்தேர்வு பிறந்ததே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வாகத்தான்.

1

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. மூன்றுக்கும் முன்மாதிரி அன்றைய இலண்டன் பல்கலைக்கழகம். அதாவது, அவை பாடம் நடத்தப் பிறந்தவை அல்ல. தேர்வு நடத்தவும் பட்டம் வழங்கவும் பிறந்தவை. கல்கத்தாவில் வகுப்பறை என்று ஒன்று உருவாவதற்கு நெடுங்காலம் முன்பே தேர்வு நடந்துவிட்டது. 1857 மார்ச்சில் நடந்த முதல் என்ட்ரன்ஸ் தேர்வை எழுதியவர்கள் 244 பேர். அடுத்த ஆண்டு முதல் பி.ஏ. பட்டம் பெற்ற இருவரில் ஒருவர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாய். அவ்விருவருமே ஒரு தாளில் கருணை மதிப்பெண் பெற்றுத்தான் தேறினர். இந்தியப் பல்கலைக்கழகத் தேர்வும் கருணை மதிப்பெண்ணும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை.

பல்கலைக்கழகம் நடத்திய இந்த வாசல்தேர்வு, தன் கீழிருந்த பள்ளிகளைத் தன் சாயலில் வார்த்தது. எதைப் படிக்க வேண்டும், எவ்வளவு படிக்க வேண்டும், எந்த மொழியில் எழுத வேண்டும் என்பதையெல்லாம் அதுவே முடிவுசெய்தது. மொழி விஷயத்தில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. தொடக்க ஆண்டுகளில் கல்கத்தாவின் என்ட்ரன்ஸ் தேர்வில் வரலாறு, புவியியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தாய்மொழியில் விடையெழுத இடமிருந்தது. 1860களின் தொடக்கத்தில் அந்த இடம் மூடப்பட்டு, மொழித்தாள்கள் நீங்கலாக ஆங்கிலம் கட்டாயமாயிற்று. பள்ளிகளுக்கென்று தனி ஆணை எதுவும் தேவைப்படவில்லை. தேர்வின் மொழி எதுவோ அதுவே உயர்நிலைப்பள்ளியின் பயிற்றுமொழியாயிற்று. அங்கு மெட்ரிகுலேஷனில் வங்கமொழி பயிற்றுமொழியாக மீள 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக்குழு, உயர்நிலைப்பள்ளிகள் முழுவதும் பல்கலைக்கழக வாசலை நோக்கியே நடத்தப்படுவதைக் கண்டது. பல்கலைக்கழகம் செல்வோருக்கு ஒரு பாடத்திட்டம், தொழில் வாழ்வுக்குச் செல்வோருக்கு இன்னொரு பாடத்திட்டம் என இரு கிளைகளை அது பரிந்துரைத்தது. இரண்டாம் கிளை தழைக்கவில்லை. பல்கலைக்கழகம் செல்லாதவருக்கும் மெட்ரிகுலேஷன் சான்றிதழே அரசு வேலைக்கான திறவுகோலாக இருந்ததால், பெற்றோரும் மாணவரும் முதல் கிளையையே நாடினர். பயிற்சி வகுப்புகள் பள்ளியை விழுங்குகின்றன என்று இன்று எழும் குறைக்கு, பள்ளியே பயிற்சி வகுப்பாக இருந்த ஒரு முன்வரலாறு உண்டு.

2

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் வெளித்தேர்வு ஏன் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் நம்பிக்கையைப் பெற்றிருந்தது? விடையை அத்தேர்வின் வழியே நுழைந்தவர்களிடம் தேட வேண்டும்.

1878இல் கல்கத்தாவின் என்ட்ரன்ஸ் தேர்வில் தேறினார் காதம்பினி. பின்னாளில் மருத்துவரான காதம்பினி கங்கூலி இவரே. அவர் தேறிய பிறகு, அவரை முன்னிட்டே பெத்தூன் பள்ளியில் கல்லூரி வகுப்புகள் தொடங்கப்பட்டன. கல்லூரி இருந்ததால் பெண் தேர்வெழுதினார் என்பதைவிட, பெண் தேர்வில் தேறியதால் கல்லூரி வந்தது என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

1907இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷனில் தேறினார் அம்பேத்கர். சிறுவயதில் படித்த பள்ளியில் அவர் மற்ற மாணவர்களுடன் உட்கார இயலவில்லை. தான் வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணிச் சாக்கின்மேல் தனியே அமர வேண்டியிருந்தது. அப்பள்ளியின் ஆசிரியர்கள் தரும் ‘ஒட்டுமொத்த மதிப்பீடு’ மட்டுமே உயர்கல்விக்கு வழியாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைக் கற்பனை செய்வது கடினமன்று. அவர் தேறியபோது பாராட்டுக் கூட்டமே நடந்தது. அந்த மகிழ்ச்சிக்குள், தன்னை அறியாத ஒருவர் தன் விடைத்தாளைத் திருத்துவது என்ற ஏற்பாட்டின் மதிப்பும் அடங்கியிருந்தது.

சாதியும் பாலினமும் வகுப்பறையில் இருக்கையைத் தீர்மானித்த ஒரு சமூகத்தில், மாணவரை அறிந்தவரின் தீர்ப்பு எப்போதும் நல்லெண்ணம் கொண்டதாக இருக்கும் என்று எவரும் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. முகமறியாத் தேர்வு இந்தியச் சூழலில் ஒரு சமூக ஈட்டல். அமெரிக்க விவாதத்தை அப்படியே இறக்குமதி செய்து, ஆசிரியரின் மதிப்பீடே மனிதத்தன்மை கொண்டது, தேர்வு இயந்திரத்தனமானது என்று பேசுவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

ஆனால் முகமறியாமை என்பதும் பக்கச்சார்பின்மை என்பதும் ஒன்றல்ல. 1903இல் சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷனில் தேறி, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் நுழைந்த இராமானுஜன், அடுத்த படியான எஃப்.ஏ. தேர்வைக் கடைசிவரை கடக்கவில்லை. கும்பகோணத்திலும் பின்னர் பச்சையப்பன் கல்லூரியிலும் கணிதம் தவிர்த்த பாடங்கள் அவரை வீழ்த்தின. ஒரு பாடத்தில் தோற்றால் அனைத்திலும் தோல்வி என்ற விதிக்கு அவர் யார் என்பது தெரியாது. அம்பேத்கருக்கு வாசலைத் திறந்த அதே அறியாமை, இராமானுஜனுக்கு அதை மூடியது.

3

பல்கலைக்கழகத்தின் வாசல்தேர்வு எப்படிப் பள்ளியின் இறுதித்தேர்வாயிற்று? 1917இல் அமைக்கப்பட்டு 1919இல் அறிக்கை அளித்த கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையம் இங்கே திருப்புமுனை. மைக்கேல் சாட்லர் தலைமையிலான அவ்வாணையம், மெட்ரிகுலேஷன், இன்டர்மீடியட் தேர்வுகளின் சுமையைப் பல்கலைக்கழகத்திடமிருந்து விலக்கி, தனி வாரியங்களிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. பல்கலைக்கழகத்தைத் தேர்வுப்பணியிலிருந்து விடுவித்தால்தான் அது கற்பிக்கவும் ஆராயவும் இயலும் என்பது அதன் வாதம்.

இப்பரிந்துரை கல்கத்தாவைவிட ஐக்கிய மாகாணத்தில் முதலில் பலித்தது. 1921இல் அங்கு உயர்நிலை, இன்டர்மீடியட் கல்வி வாரியம் உருவானது. இராஜபுதனத்துக்கென 1929இல் உருவான வாரியமே பின்னாளில் சி.பி.எஸ்.இ.யாக வளர்ந்தது. தேர்வுக் கட்டணத்தைத் தன் வருவாயாகக் கொண்டிருந்த கல்கத்தாப் பல்கலைக்கழகமோ மெட்ரிகுலேஷனை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1951இல் மேற்கு வங்க வாரியம் அமைந்த பிறகே அது கைமாறியது. தமிழ்நாட்டில் பல்கலைக்கழகம் நடத்திய புகுமுக வகுப்பு நீங்கி, 1978இல் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, பட்டப்படிப்புக்கு முந்தைய கடைசித் தேர்வும் பள்ளித் துறையிடம் வந்துசேர்ந்தது.

நடத்துபவர் மாறினாரே தவிர, தேர்வின் இயல்பு மாறவில்லை. ஆண்டில் ஒருமுறை, மூன்று மணிநேரம், வெளியாரின் வினாத்தாள், வெளியாரின் திருத்தம். முன்பு ‘என்ட்ரன்ஸ்’ என்றழைக்கப்பட்டது இப்போது ‘பள்ளி மதிப்பெண்’ ஆயிற்று.

வகுப்பறை மதிப்பீட்டை உள்ளே கொண்டுவரும் முயற்சிகளும் இல்லாமலில்லை. சென்னை மாகாணத்தின் எஸ்.எஸ்.எல்.சி. ஏற்பாட்டில், பள்ளியில் பெற்ற மதிப்பெண்களும் அரசுத் தேர்வின் மதிப்பெண்களும் ஒரே சான்றிதழில் அருகருகே பதியப்பட்டன. அதை ‘எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்’ என்று மக்கள் அழைத்தது வெறும் பேச்சுவழக்கன்று. அது உண்மையிலேயே ஒரு மாணவரின் பதிவேடாகக் கருதப்பட்டது. 1952-53இல் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையமும் வெளித்தேர்வுகளைக் குறைத்து, பள்ளிப் பதிவுகளுக்கும் உள்மதிப்பீட்டுக்கும் இறுதி முடிவில் இடமளிக்கக் கோரியது. எனினும் கல்லூரிச் சேர்க்கை மேசையில் எடைபோடப்பட்டது பொதுத்தேர்வின் எண்ணே.

நேர்முகத் தேர்வின் கதையும் இதற்குத் துணைச்சான்று. தொழிற்கல்விச் சேர்க்கையில் மாணவரை நேரில் கண்டு மதிப்பெண் வழங்கும் முறை பல மாநிலங்களில் இருந்தது. அதன்மீது எழுந்த வழக்குகள் ஏராளம். 1981இல் அஜய் ஹாசியா வழக்கில், ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்முகத்துக்கு 50 மதிப்பெண்ணும் ஒதுக்கியிருந்ததை உச்ச நீதிமன்றம் ஆராய்ந்து, நேர்முகத்தின் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டுவது ஏற்புடையதன்று எனக் கூறியது. மாணவரின் முகம் தெரிந்தவரிடம் அதிகாரம் கொடுக்கலாகாது என்ற பழைய ஐயம் இவ்வாறு சட்டமொழியிலும் பதிவாயிற்று.

4

பழைய என்ட்ரன்ஸ் பள்ளித்தேர்வாக மாறிய சில பத்தாண்டுகளிலேயே, அதற்கு வெளியே புதிய என்ட்ரன்ஸ் பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் ஐ.ஐ.டி.களுக்கான கூட்டு நுழைவுத் தேர்வு நிலைபெற்றது. மருத்துவத்தில் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்காக 1988இல் பொது முன்மருத்துவத் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் 1984இல் தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வு அறிமுகமாயிற்று. மேல்நிலை மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 எனக் கலந்து கணக்கிடும் முறை அது.

புதிய தேர்வுகள் தோன்றியதற்குப் பள்ளித்தேர்வின் தரக்குறைவைக் காரணமாகக் கூறுவது வழக்கம். அதைவிட அடிப்படையான காரணம் மாணவரின் இடப்பெயர்வு. ஒரு மாகாணத்தின் மாணவர் அம்மாகாணத்தின் கல்லூரியிலேயே சேர்ந்தவரை, எல்லோரும் ஒரே தேர்வை எழுதியவர்கள்; ஒப்பிடுவதில் சிக்கல் எழவில்லை. நாடு முழுவதற்குமான கல்வி நிறுவனங்கள் தோன்றி, பல வாரியங்களின் மாணவர்கள் ஒரே வரிசையில் வந்து நின்றபோது, பீகாரின் 70உம் கேரளத்தின் 90உம் தில்லியின் 85உம் ஒன்றோடொன்று என்ன உறவுடையவை என்ற கேள்வி எழுந்தது. வாரியங்களின் எண்கள் ஒரே இலக்கங்களில் எழுதப்பட்ட வெவ்வேறு மொழிகள்.

அவற்றுக்கிடையே ஒரு மொழிபெயர்ப்பை உருவாக்கும் முயற்சியும் நடந்தது. பள்ளியின் முக்கியத்துவத்தை மீட்கவும் பயிற்சி மையங்களின் பிடியைத் தளர்த்தவும் 2013இல் ஜே.இ.இ. மெயின் தேர்வின் தரவரிசையில் வாரியத் தேர்வுக்கு 40 விழுக்காடு எடை தரப்பட்டது. நேரடி மதிப்பெண்ணுக்குப் பதிலாக, ஒரு மாணவர் தம் வாரியத்தில் நூறு பேரில் எத்தனை பேரை முந்தினார் என்ற சதமானம் கணக்கில் கொள்ளப்பட்டது. எல்லா வாரியங்களிலும் திறமையின் பரவல் ஒன்றே என்ற எடுகோளின்மீது நின்ற கணக்கு அது. ஐ.ஐ.டி.களுக்குள்ளேயே இம்மாற்றத்துக்கு எதிர்ப்பு இருந்தது; கான்பூரின் செனட் 2012இலேயே தன் மறுப்பைத் தெரிவித்திருந்தது. 2017ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அந்த 40 விழுக்காடு கைவிடப்பட்டது.

அதற்கிடையே வாரியங்கள் தத்தம் மாணவர்களுக்காக எண்களை உயர்த்தத் தொடங்கியிருந்தன. கடினமான வினாத்தாளை ஈடுசெய்ய எழுந்த ‘மாடரேஷன்’ என்ற மதிப்பெண் சீரமைப்பு, வாரியங்களுக்கிடையிலான போட்டிக் கருவியாயிற்று. 2017 ஏப்ரலில் வாரியங்கள் கூடி அதைக் கைவிட முடிவெடுத்தன. தேர்வு முடிந்த பின் விதியை மாற்றலாகாது என்று கூறி, அவ்வாண்டுக்கு மட்டும் அதைத் தொடருமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பங்கிம் பெற்ற சில மதிப்பெண் கருணை, இப்போது இலட்சக்கணக்கானோருக்கான நிர்வாக நடைமுறையாக வளர்ந்திருந்தது.

5

இப்போக்கின் உச்சம் தில்லிப் பல்கலைக்கழகத்தில் வெளிப்பட்டது. 2011இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் படிக்காதோருக்கு பி.காம். ஹானர்ஸ் படிப்பின் கட்-ஆஃப் 100 விழுக்காடு என அறிவித்தபோது நாடே வியந்தது. 2021இல் பல கல்லூரிகள் பல பாடங்களுக்கு முதல் பட்டியலிலேயே 100 விழுக்காடு அறிவித்தபோது வியப்பு குறைந்துவிட்டிருந்தது.

அந்த 2021 தனித்துவமான ஆண்டு. பெருந்தொற்றால் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 30, பதினொன்றுக்கு 30, பன்னிரண்டின் உள்தேர்வுகளுக்கு 40 என்ற விகிதத்தில் பள்ளிகளே மதிப்பெண் கணக்கிட்டன. பள்ளி ஆசிரியரின் மதிப்பீடு இவ்வளவு பெரிய அளவில் சேர்க்கையைத் தீர்மானித்த வேறோர் ஆண்டை இந்திய வரலாற்றில் காண்பது அரிது. அப்போதும் வாரியம் பள்ளிகளை முழுமையாக நம்பவில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் முந்தைய மூன்றாண்டு முடிவுகளில் சிறந்ததற்குள் அடங்குமாறு மதிப்பெண்ணைச் சரிசெய்யப் பணித்தது. முடிவில் 99.37 விழுக்காட்டினர் தேறினர். 70,000க்கும் மேற்பட்டோர் 95 விழுக்காட்டுக்கு மேல் பெற்றனர்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் பல்கலைக்கழக மானியக்குழுவின் அறிவிப்பு வந்தது: 45 மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கை இனி கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வின் வழியே. நடத்துபவர், 2017இல் ஒப்புதல் பெற்ற தேசியத் தேர்வு முகமை. தமிழ் உட்பட 13 மொழிகளில் தேர்வு. அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குப் பின்னே அம்மாநிலத்தின் நீண்ட அனுபவம் இருந்தது. தன் நுழைவுத் தேர்வைச் சட்டத்தின் வழியே 2007இல் நீக்கிய மாநிலம் அது; பத்தாண்டுகளுக்குள் நீட்டின் வழியே வேறொரு நுழைவுத் தேர்வை ஏற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டது.

கட்-ஆஃப் என்ற பழைய நோயைக் கியூட் தீர்த்ததா? முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 20,000 பேர் ஏதேனும் ஒரு பாடத்தில் 100 சதமானம் பெற்றனர். தேர்வு பல நாள்களில் பல வேளைகளில் நடந்ததால், ஒரு வேளையின் வினாத்தாளை இன்னொன்றோடு ஒப்பிடச் சமன்படுத்தல் கணக்கு தேவைப்பட்டது. வாரியங்களுக்கிடையே இருந்த மொழிபெயர்ப்புச் சிக்கல், இப்போது காலை வேளைக்கும் மாலை வேளைக்கும் இடையே வந்து நின்றது. 2024இன் நீட் தேர்வில் முதலில் 67 பேர் 720க்கு 720 பெற்றதாக அறிவிக்கப்பட்டதும், அதன் பின்னணியில் 1,563 பேருக்கு வழங்கப்பட்ட கருணை மதிப்பெண் நீதிமன்றம் வரை சென்றதும் அண்மைய நினைவு.

6

இந்த நெடிய கதையில் திரும்பத் திரும்ப வரும் வரிசை ஒன்று உண்டு. வாசலில் ஒரு தேர்வு வைக்கப்படுகிறது. பள்ளி அதன் சாயலுக்கு மாறுகிறது. தேர்வின் எண் பெருகி, வேறுபடுத்தும் ஆற்றலை இழக்கிறது. அப்போது அதற்கு வெளியே இன்னொரு தேர்வு வைக்கப்படுகிறது. பள்ளி மதிப்பெண்ணுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் இடையிலான போட்டி என்று இன்று தோன்றுவது, மூத்த நுழைவுத் தேர்வுக்கும் இளைய நுழைவுத் தேர்வுக்கும் இடையிலான போட்டி. இரண்டும் முகமறியாதவை, இரண்டும் ஓரிரு நாளுக்குரியவை. வேறுபாடு, யார் நடத்துகிறார்கள், எந்தப் பாடத்திட்டத்திலிருந்து வினா வருகிறது, அதற்கான பயிற்சி யாருக்குக் கிடைக்கிறது என்பவற்றில் இருக்கிறது. மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் இடையிலான அதிகாரப் போட்டியாக இவ்விவாதம் மாறிவிடுவது தற்செயலன்று.

வாரியத் தேர்வுக்கு ஆதரவான வலுவான வாதமும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அது ஆழமான சோதனை என்பதற்காக அதை ஆதரிக்கத் தேவையில்லை. ஊரின் அரசுப் பள்ளியில் நடத்தப்படும் பாடத்திலிருந்து வினா வரும் தேர்வு அது. தனியே விலைகொடுத்துப் பயிற்சி வாங்காதவரும் எழுதக்கூடியது. புதிய நுழைவுத் தேர்வு வேறொரு பாடத்திட்டத்தையும் வேறொரு வினாவடிவத்தையும் கேட்கும்போது, அரசுப் பள்ளி தன் மாணவரை வாசல்வரை கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்கிறது. வருகைப்பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்க, மாணவர் பயிற்சி மையத்தில் அமர்ந்திருக்கும் ‘டம்மி’ பள்ளிகள் இதன் மறுபக்கம். 2024 மார்ச்சில் சி.பி.எஸ்.இ. 20 பள்ளிகளின் இணைப்பை நீக்கியபோது கூறிய காரணங்களுள் போலி மாணவர் பதிவும் ஒன்று.

இரு தேர்வுகளுக்கும் பொதுவான குருட்டுப்புள்ளியை நேர்கொண்ட முயற்சிகள் சிலவே. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணோடு, மாணவர் வந்த மாவட்டத்தின் பின்தங்கிய நிலைக்கென்று கூடுதல் புள்ளிகளைச் சேர்த்தது. இடையில் கைவிடப்பட்ட அம்முறை 1990களில் மீட்டெடுக்கப்பட்டது. 2020இல் தமிழ்நாடு, நீட்டில் தகுதிபெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல், ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டில் வருவோருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதிசெய்யும் சட்டத்தை இயற்றியது. மூன்றும் வெவ்வேறு அரசியலில் விளைந்தவை. ஆயினும் மூன்றுக்கும் அடிப்படைப் புரிதல் ஒன்றே: ஒரு மதிப்பெண்ணுக்குள் மாணவரின் திறமையோடு அவர் நின்ற இடமும் கலந்திருக்கிறது. விடைத்தாளைத் திருத்துபவர் மாணவரின் பெயரை அறியாதிருப்பதும், சேர்க்கையை முடிவுசெய்பவர் அவர் எங்கிருந்து வந்தார் என்பதை அறிந்திருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முன்னது அம்பேத்கரின் தலைமுறைக்குத் தேவைப்பட்டது, இன்றும் தேவை. பின்னதைச் சேர்க்காமல் முன்னதை மட்டும் கூர்மைப்படுத்திக்கொண்டே போவதுதான் நூற்றறுபது ஆண்டுகளாக நடந்துவருகிறது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, வாரியத் தேர்வுகளை எளிமையாக்கவும் பல்கலைக்கழக நுழைவைத் தேசியத் தேர்வு முகமையின் பொதுத்தேர்விடம் விடவும் ஒரே மூச்சில் பரிந்துரைக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் பணி இப்போதே பெரும்பாலும் தகுதி காட்டுவதோடும், சமநிலை ஏற்பட்டால் அதை முறிப்பதோடும் சுருங்கிவிட்டது. மெட்ரிகுலேஷன் என்ற தேர்வின் பெயர் பள்ளிப் பெயர்ப்பலகையில் ஏறுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ‘நீட், ஜே.இ.இ. பயிற்சியுடன்’ என்ற வரி தமிழ்நாட்டுப் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் ஏறப் பத்தாண்டுகள்கூட ஆகவில்லை. எந்தத் தேர்வு நேர்மையானது என்ற கேள்வியோடு, அந்தப் பலகைக்கு விலைகொடுக்க இயலாத பள்ளியின் மாணவர் எந்த வழியாக வாசலுக்கு வருவார் என்ற கேள்வியையும் ஒவ்வொரு சேர்க்கை விதியிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.